விடிய விடியப் பாரதக் கூத்து: முதன்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

சித்திரை பிறந்துவிட்டால் வட தமிழ்நாட்டில் எங்காவது ஓர் ஊரில் தினமும் ராத்திரி மிருதங்கம் கேட்கத் தொடங்கிவிடும். செய்யாறு, வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம், உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊர்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் தெருக்கூத்து. கூத்து ஜமாக்கள், அதாவது கூத்துக் குழுக்கள், ஓர் ஊரில் பாரதத்தை முடித்து, அன்றே பெட்டிகளை வேனில் ஏற்றி அடுத்த ஊருக்குப் போகும். சென்னையிலிருந்து செய்யாறோ செஞ்சியோ மூன்று, மூன்றரை மணி நேரப் பயணம்தான். ஆனாலும் "கூத்து பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை, எங்கே எப்போ நடக்குதுன்னே தெரியலை" என்று சொல்லாத நண்பர்கள் எனக்குக் குறைவு.

டிக்கெட் கிடையாது, முன்பதிவு கிடையாது, வரப்போகிற கூத்துகளை ஒரே இடத்தில் தொகுத்துத் தரும் பட்டியலும் கிடையாது. ஆனால் ஒவ்வோர் ஊரும் தன் பட்டியலை அச்சடித்து ஒட்டிவிடுகிறது. அதைக் கண்டுபிடிக்கவும் படிக்கவும் பழகிக்கொண்டால் ஆனி முடிவதற்குள் நான்கைந்து இரவுகள் பார்த்துவிடலாம்.

மாதம்

பங்குனிக் கடைசியில் ஆரம்பித்து ஆடி, ஆவணி வரை பாரதக் காலம். சித்திரை, வைகாசி, ஆனி மூன்றும் உச்சம், அதாவது ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை நடுவரை. அறுவடை முடிந்து நிலம் காய்ந்து கிடக்கும், மழை பயம் இருக்காது, ஊரார் கையில் கொஞ்சம் நேரம் இருக்கும். ஆடியில் மாரியம்மன் கோயில்களிலும் கூத்து விடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆட்டம் குறைந்துவிடும்.

எல்லா ஊரிலும் வருடாவருடம் பாரதம் வைப்பதில்லை. சில ஊர்களில் சில வருடங்களுக்கு ஒருமுறைதான். அதனால் போன வருடம் பார்த்த ஊருக்கே இந்த வருடமும் விசாரிக்காமல் கிளம்பிப் போகாதீர்கள்.

நோட்டீஸ்

பாரதம் வைக்கிற ஊர், விழாவுக்கு முன்பே நோட்டீஸ் அடித்துவிடும். பக்கத்து டவுன் பஸ் ஸ்டாண்டு தூண், டீக்கடைச் சுவர், உரக்கடைக் கதவு என்று எங்கும் ஒட்டியிருக்கும். அதில் "தெருக்கூத்து" என்ற சொல்லைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். மேலே பெரிய எழுத்தில் "மகாபாரத அக்னி வசந்த விழா" என்றுதான் இருக்கும். தீமிதி நடக்கிற வசந்தகால விழா என்பதால் அந்தப் பெயர். உள்ளே "இரவு நாடகம்" என்று ஒரு வரி வரும். அங்கே நாடகம் என்றால் கூத்துதான்.

நோட்டீஸை மேலிருந்து கீழே நிதானமாகப் படியுங்கள். கொடியேற்ற நாள் முதலில் இருக்கும். பிறகு ஒவ்வொரு நாளுக்கும் பிற்பகலில் பிரசங்கியார் சொல்லப்போகிற கதைப் பகுதி, அன்றைய இரவு நாடகத்தின் பெயர், ஆடப்போகிற நாடக மன்றத்தின் பெயர், அன்றைய செலவை ஏற்கிற உபயதாரர் பெயர். பல ஊர்களில் கொடியேற்றிய முதல் சில நாள் பிரசங்கம் மட்டும் நடக்கும். கூத்து பிற்பாடுதான் தொடங்கும். கொடியேற்றத்தைப் பார்த்து அன்றைக்கே கிளம்பிப் போய், வெறும் பந்தலைப் பார்த்துத் திரும்பியவர்கள் உண்டு.

தேதியில் இன்னொரு சிக்கல். "14ஆம் தேதி இரவு 10 மணி" என்றால் ஆட்டம் சூடுபிடிப்பது 15ஆம் தேதி அதிகாலையில். விடுப்பு எடுப்பதாக இருந்தால் 15ஆம் தேதிக்கு எடுங்கள். "14ஆம் தேதி காலை படுகளம்" (துரியோதனன் விழுகிற கடைசிக் காட்சி) என்று போட்டிருந்தால் 13ஆம் தேதி ராத்திரியே ஊரில் இருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். தமிழ்த் தேதியையும் கிழமையையும் சேர்த்துச் சரிபார்த்துக்கொண்டால் தவறு வராது.

நோட்டீஸின் அடியில் விழாக் குழுவினரின் கைபேசி எண் இருக்கும். போன் செய்ய வெட்கப்பட வேண்டாம். "கூத்து பார்க்க வர்றோம்" என்று வெளியூர்க்காரர் கேட்டால் ஊராருக்கு அது பெருமை. நோட்டீஸைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விசாரிப்பது

நோட்டீஸ் கண்ணில் படவில்லையா? காஞ்சிபுரத்திலோ வந்தவாசியிலோ இறங்கி ஒரு டீ குடியுங்கள். "இங்க ஏதாவது ஷோ நடக்குதா?" என்று கேட்டால் பதில் வராது. இப்படிக் கேளுங்கள்:

"அண்ணா, பக்கத்துல எந்த ஊர்ல பாரதம் வச்சிருக்காங்க?"

"நம்ம ஊர்லயே இருக்கே தம்பி. கொடி ஏத்தி எட்டு நாளாச்சு."

"நாடகம் ஆரம்பிச்சிட்டாங்களா? இன்னைக்கு என்ன நாடகம்?"

"இன்னைக்கு வில் வளைப்பு. நாளான்னைக்கு துகில். அதுக்கு வாங்க."

"எந்த செட்டு ஆடுது?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பொக்கிஷம். ஜமாவை நடத்துகிற வாத்தியார் யார், யார் துரியோதனன் கட்டுகிறார், யாருக்குக் குரல் எப்படி என்று பத்து நிமிஷம் பேசுவார்கள். ஐம்பது வயது தாண்டிய ஆண்களும் பெண்களும் இந்தப் பகுதியின் நல்ல விமர்சகர்கள். அவர்கள் "அந்த செட்டு நல்லா இருக்கும்" என்றால் நம்பிப் போகலாம்.

இப்போது பல கூத்துகள் யூடியூபில் நேரலையாக வருகின்றன. படம் பிடிக்கிறவர்கள் ஊரையும் ஜமாவையும் நாடகத்தையும் தலைப்பில் போடுகிறார்கள். நேற்று இந்த ஜமா எங்கே ஆடியது என்று அதில் பார்த்தால் இன்றைக்கும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும், ஏனென்றால் ஒரே ஜமா தொடர்ந்து பல இரவுகள் ஓர் ஊரில் ஆடும். ஊரைக் கண்டுபிடிக்க யூடியூபைப் பயன்படுத்துங்கள். கூத்தைப் பார்க்க அது போதாது. மைக்கில் பிடித்த குரலும் ஒரே கோணத்துக் காட்சியும் கூத்தில் பாதியைக் கூடத் தராது.

எந்த இரவு

பத்து, பதினைந்து இரவுகள் ஆடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் போக முடியாதவர்களுக்கு நான் மூன்றைச் சொல்வேன்.

முதலாவது, துகில். நோட்டீஸில் "பகடை துகில்" என்றோ "பாஞ்சாலி துகிலுரிதல்" என்றோ இருக்கும். சூதாட்டத்தில் தொடங்கித் துச்சாதனன் சேலையைப் பிடிப்பது வரை ஒரே இரவு. அன்றைக்குத் திரௌபதி கதாபாத்திரம் மட்டுமல்ல, அந்தக் கோயிலின் அம்மன். வேஷம் கட்டியவர் பெரும்பாலும் ஆண்தான். ஆனாலும் அவர் கண்ணனை அழைத்துப் பாடும்போது கற்பூரம் ஏற்றுவார்கள், கும்பிடுவார்கள், பெண்கள் சிலருக்குச் சாமி வரும். நாடகம் எங்கே முடிகிறது, வழிபாடு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாத அந்த இடத்தை நேரில் பார்த்தால்தான் புரியும். முதல் கூத்தாக இதையே பாருங்கள்.

இரண்டாவது, அர்ச்சுனன் தபசு. இது பெரும்பாலும் பகலில் நடக்கும். உயரமான பனைமரத்தை நட்டு, ஏறுவதற்குப் படி கட்டியிருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் பாடிக்கொண்டே உச்சிக்கு ஏறி, அங்கிருந்து எலுமிச்சம்பழம், விபூதி, பூ என்று வீசுவார். பிள்ளைவரம் வேண்டுகிற பெண்கள் ஈரச் சேலையோடு கீழே காத்திருப்பார்கள். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இது நல்ல தொடக்கம். பகாசுரன் வதம் நடக்கும் ஊரில் அதுவும் பகல்தான். சோற்று வண்டியில் பீமன் உட்கார்ந்து தெருத்தெருவாக வருவார், பிள்ளைகள் பின்னாலேயே ஓடும்.

மூன்றாவது, பதினெட்டாம் போரும் அது விடிந்ததும் வரும் படுகளமும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான்காவதாக ஒன்றுக்கு இடமிருந்தால் கர்ண மோட்சம். இதைப் பாரதத்தில் மட்டுமல்ல, இந்தப் பக்கத்தில் கருமாதி இரவிலும் ஆடுவார்கள். கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் பேசுகிற பகுதியை நல்ல வேஷக்காரர்கள் ஆடினால் கூட்டத்தில் இருமல் சத்தம்கூடக் கேட்காது. சாவு வீட்டில் நடக்கும் கூத்துக்குத் தேடிப் போக வேண்டாம். தெரிந்தவர் அழைத்தால் போங்கள்.

கதை

பாரதக் கதை ஓரளவு தெரிந்திருந்தால்கூட அன்றைய பகுதியை ஒருமுறை படித்துவிட்டுப் போவது நல்லது. வில்லிபாரதத்தை ஒட்டிப் பிற்பகலில் பிரசங்கியார் சொல்வதும் அதே பகுதிதான். மூன்று மணிக்குப் போய்ப் பந்தலில் உட்கார்ந்து கேட்டுவிட்டால் ராத்திரி ஒரு வரிகூடத் தவறாது. அரவான் களபலி (போருக்கு முன் அர்ச்சுனன் மகன் அரவானைப் பலிகொடுப்பது) போன்ற பகுதிகளில் தமிழ் மண்ணுக்கே உரிய விரிவு நிறைய உண்டு. கோயில் வாசலில் காவலாக நிற்கும் போத்துராஜாவையும் பல கோயில்களில் இருக்கும் முத்தால் ராவுத்தரையும் பார்த்து, ஊர்ப் பெரியவரிடம் கதை கேளுங்கள். திரௌபதி அம்மனுக்கு ஒரு முஸ்லிம் வீரர் காவல் நிற்கும் கதையை அவர் சொல்கிற விதம் ஊருக்கு ஊர் மாறும்.

கிளம்பும் முன்

கடைசி டவுன் பஸ் ஒன்பது மணிக்குள் போய்விடும் ஊர்கள்தான் அதிகம், திரும்பி வர விடியற்காலை முதல் பஸ். இரண்டு நேரத்தையும் பகலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாய் அல்லது தடித்த துணி, போர்வை, தண்ணீர், டார்ச், கொசு மருந்து போதும். சித்திரையிலும் விடியற்காலை மூன்று மணிக்குக் காற்று குளிரும். பிளாஸ்டிக் நாற்காலியைச் சுமந்து போகாதீர்கள், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மறைக்கும்.

கழிப்பறை ஒரு கஷ்டம்தான், மறைப்பதில் பயனில்லை. பெண்கள் இரண்டு மூன்று பேராகப் போங்கள். இருட்டுவதற்கு முன்பே போய், விழாக் குழுவில் ஒருவரிடமோ பக்கத்து வீட்டு அம்மாவிடமோ "ராத்திரி கூத்து பார்க்க வந்திருக்கோம்க்கா" என்று சொல்லி வையுங்கள். நான் போன ஊர்களில் பெரும்பாலும் வீட்டுக்குள் அழைத்துச் சோறும் போட்டுவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூத்து எல்லோருக்கும் பொது என்று எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் கோயிலுக்குள் யார் வரலாம் என்பதில் சாதி குறுக்கே நிற்கிற ஊர்களும் இருக்கின்றன. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயில் 2023இல் பூட்டி சீல் வைக்கப்பட்டது இந்தத் தகராறில்தான். போகிற ஊரில் களரியை, அதாவது கூத்தாடும் இடத்தைச் சுற்றி யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் தள்ளி நிற்கிறார்கள் என்பதையும் கண் திறந்து பாருங்கள். எல்லாத் தெருக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் ஊர்கள் உண்டு. அந்த ஊர்களுக்கு மறுபடி மறுபடி போங்கள்.

இரவு எப்படி நகரும்

ஒன்பது மணிக்குக் களரி கட்டுவார்கள். வேஷம் எதுவும் வராது. மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், தாளம், முகவீணை எல்லாம் சேர்ந்து வாசிப்பார்கள். இது ஊருக்கு விடுகிற அழைப்பு. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கையைக் கழுவிக்கொண்டு பாயோடு வருவார்கள். முன்வரிசையைப் பிள்ளைகள் பிடிப்பார்கள், அவர்களுக்குப் பின்னால் பெண்கள், ஓரங்களில் ஆண்கள். நீங்கள் ஸ்பீக்கர் பெட்டிக்கு நேராக உட்காராமல், பின்பாட்டுக்காரர்கள் முகம் தெரிகிற மாதிரி ஒரு பக்கமாக உட்காருங்கள். வேஷக்காரர் பாடும் வரியை அவர்கள் வாங்கிப் பாடுவதையும், தாளத்தை ஏற்றி இறக்குவதையும் பார்ப்பது பாதிக் கூத்து.

அந்த நேரத்தில் ஒப்பனை நடக்கும் இடத்துக்குப் போய், கேட்டுவிட்டு ஓரமாக நின்று பார்க்கலாம். முகத்தில் அரிதாரம் பூசுவதும், கண்ணாடிச் சில்லும் வண்ணத் தாளும் பதித்த மரக்கட்டை அணிகலன்களைக் கட்டுவதும் மணிக்கணக்காக நடக்கிற வேலை. கிரீடமும் தோளில் நிற்கும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கட்டியவரைக் கட்டை வேஷம் என்பார்கள். இதனால்தான் இந்தக் கலையைக் கட்டைக்கூத்து என்றே அழைப்பவர்களும் இருக்கிறார்கள். துரியோதனன் முகம் சிவப்பு, கண்ணன் பச்சை. கட்டத் தொடங்கிவிட்டால் வேஷக்காரரோடு பேச்சுக் கொடுக்காதீர்கள்.

பத்து, பத்தரைக்குக் கட்டியக்காரன் வருவான். கதை சொல்வது, சிரிக்க வைப்பது, ராஜாவை மடக்குவது, ஊர் விவகாரத்தை இடையில் செருகுவது எல்லாம் அவன் பொறுப்பு. அவன் பேச்சில் வட்டார வழக்கு அதிகம், முதல் அரைமணி நேரம் சில சொற்கள் பிடிபடாது. பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். அவர் சொல்லிக்கொடுத்துவிட்டு இன்னொரு முறையும் சிரிப்பார்.

பிறகு திரை. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்து நிற்பார்கள். பின்னாலிருந்து விருத்தம் கேட்கும், சலங்கை கேட்கும், துணிக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் அசையும். துணிக்குக் கீழே கால் தெரியும். இப்படியே வெகுநேரம் போகும். "எப்போ வெளியே வருவார்?" என்று பொறுமை இழக்காதீர்கள். ஓர் ஆள் துரியோதனனாக மாறுகிற நேரம் அது, கூத்தில் நான் மிகவும் நேசிக்கிற பகுதியும் அதுதான். திரை விலகியதும் வேஷம் களரியைச் சுற்றிச் சுழன்று ஆடும்போது தரையில் உட்கார்ந்திருக்கிற உங்கள் மேல் மண் தெறிக்கும். அப்படி மண் படுகிற தூரத்தில்தான் உட்கார வேண்டும்.

நள்ளிரவு தாண்டி தர்க்கங்கள் வரும். இருவர் எதிரெதிரே நின்று பாட்டும் வசனமுமாக வாதாடுவார்கள். வசனம் எழுதி மனப்பாடம் செய்தது மட்டுமில்லை. அன்றைய கூட்டத்தைப் பார்த்து நீட்டுவார்கள், சுருக்குவார்கள். இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை தூக்கம் கண்ணைச் சுழற்றும். பாயில் படுத்து ஒரு தூக்கம் போடலாம், தவறே இல்லை. ஊராரும் அப்படித்தான், கதையின் முக்கியமான கட்டம் வரும்போது பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்பிவிடுவார். ஆனால் அந்த நேரத்தில் எழுந்து வண்டியேறிப் போய்விடாதீர்கள். பாதியில் கிளம்பினவர்கள் "நல்லாத்தான் இருந்தது, ஆனா இழுவை" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். முதல் பாதி இரவு முழுவதும் அடுக்கி வைத்தது கடைசி இரண்டு மணி நேரத்தில்தான் எரியும். துச்சாதனன் சேலையில் கை வைப்பதும் கர்ணன் விழுவதும் விடியலை ஒட்டித்தான். தூங்கினாலும் அங்கேயே தூங்குங்கள்.

கைபேசி, காசு

படம் எடுக்கக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. ஃபிளாஷ் வேண்டாம், வேஷக்காரரின் கண்ணைக் கூசவைக்கும். களரிக்குள் காலை வைத்து எடுக்க வேண்டாம். சாமி வந்து ஆடுகிறவர்களை, ஈரச் சேலையோடு நிற்கும் பெண்களைப் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். செருப்பை வெளியே விடுங்கள், களரி கோயிலின் ஒரு பகுதி.

பிடித்துப்போனால் வேஷக்காரருக்கு அன்பளிப்புக் கொடுக்கலாம். ஆட்டத்துக்கு நடுவே கட்டியக்காரனிடமோ பின்பாட்டுக்காரரிடமோ கொடுத்தால் உங்கள் பெயரும் ஊரும் சொல்லி வாழ்த்துவார்கள். நூறோ இருநூறோ, முடிந்ததைக் கொடுங்கள். கோயில் உண்டியலில் போடுவது வேறு, கலைஞர் கையில் கொடுப்பது வேறு. ஜமாவுக்குப் பேசிய தொகை பதினைந்து பேர் வரை பங்கு பிரியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படுகளக் காலை

பதினெட்டாம் போர் ஆடும் இரவு முடிந்து வெளுக்கும்போது வேஷங்கள் களரியை விட்டு இறங்கி வெட்டவெளிக்குப் போகும். அங்கே துரியோதனன் மண்ணில் மல்லாந்து படுத்திருப்பான், ஆள் உயரத்துக்குப் பல மடங்கு நீளமான மண் உருவம், வண்ணம் பூசி, மீசை வைத்து. வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றித் துரத்திக்கொண்டு ஓடுவார்கள், ஊரே கூட ஓடும். தொடையில் அடி விழுந்ததும் அங்கே வைத்திருக்கும் சிவப்பு நீர் பீறிடும். சபையில் அவிழ்த்த கூந்தலைத் திரௌபதி அப்போதுதான் முடிப்பாள். சாயங்காலம் தீமிதி. மறுநாள் தருமர் பட்டாபிஷேகம்.

இதற்குக் காலை ஆறு மணிக்கு நேராகப் படுகளத்துக்கு வந்து சேர்கிற வெளியூர்க்காரர்கள் நிறைய. கூட்டத்தில் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்ப்பார்கள். முந்தின இரவே வந்தவர்களுக்கு அந்த வேஷக்காரர்களின் முகம் பழகியிருக்கும், களைத்த குரலில் பாடும் துரியோதனன் மேல் இரக்கமும் வந்திருக்கும். படுகளத்தில் உருவத்தின் தலைப்பக்கம் மேடாக ஓர் இடம் பார்த்து, போர் முடிகிற சமயத்தில் பத்து நிமிஷம் முன்னதாகப் போய் நில்லுங்கள். சின்னப் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற பாதையில் நிற்காதீர்கள்.

பாரதம் இல்லாத மாதங்களில்

செய்யாறு அருகே புரிசையில், கண்ணப்ப தம்பிரான் நினைவாக அவருடைய பரம்பரை மன்றம் நாடக விழா நடத்துகிறது. தெருக்கூத்தும் நவீன நாடகமும் ஒரே மேடையில் விடிய விடிய நடக்கும். முதன்முறை பார்க்கிறவர்களுக்கு எளிதான வாசல் அது, ஏனென்றால் சென்னை நாடகக்காரர்கள் பலர் வந்திருப்பார்கள், பேசிப் பழகலாம். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் இயங்கிய கட்டைக்கூத்து குருகுலம் 2002 முதல் 2020 வரை பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து இந்தக் கலையைக் கற்றுத்தந்தது. 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்து சங்கம் அதை நடத்தியது. அங்கே படித்த பெண்கள் வேஷம் கட்டுகிற ஆட்டம் எங்காவது இருப்பதாகத் தெரிந்தால் தவறவிடாதீர்கள். துரியோதனனைப் பெண் குரலில் கேட்பது தனி அனுபவம்.

அடுத்த ஊர்

ஆட்டம் முடிந்ததும் மங்களம் பாடி, வேஷத்தைக் கலைத்து, தேங்காய் எண்ணெயால் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்போது போய்ப் பேசலாம். எந்த இடம் பிடித்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். "சூப்பர்" என்பதைவிட, "தருமரைப் பார்த்துத் திரும்பினீங்களே, அங்க எனக்குத் தொண்டை அடைச்சுது வாத்தியாரே" என்பது அவர்களுக்குப் பிடிக்கும். பிறகு அடுத்து எந்த ஊர், எந்தத் தேதி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாம்பூலம் வாங்கி ஆட ஒப்புக்கொண்ட தேதிகள் எல்லாம் வாத்தியாரின் நோட்டில் இருக்கும், கேட்டால் படித்துக் காட்டுவார். அவருடைய எண்ணையும் வாங்கிக்கொண்டு, டீ குடித்துவிட்டு முதல் பஸ்ஸுக்கு நடங்கள்.